ஒரு முறித் தேங்காய்

அம்மை தேங்காயை உடைத்ததும் கண் இருக்கிற முறியைத்தான் முதலில் கையில் எடுப்பாள். கண்ணுள்ள முறி சீக்கிரம் வழுவழுத்துப் போகும், மற்றது மறுநாள் வரை தாங்கும் என்பது அவள் சொல். தாங்க வேண்டிய முறியின் உள்பக்கத்தில் உப்பைத் தடவி, அடுக்களை மூலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவாள். பிரிஜ் இல்லாத வீடு. இன்றைய பாட்டுக்குக் கையில் இருப்பது கண்ணுள்ள அந்த ஒரு முறி. காலையில் கஞ்சிக்குத் துவையல், மத்தியானம் துவரன், குழம்புக்கு அரைப்பு, மூன்றும் அதற்குள் அடங்கியாக வேண்டும். நாங்கள் நாலு பிள்ளைகள், ஆச்சி, அப்பா, அம்மை. ஏழு வயிறு.

அவள் திருவுவதைப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் உதிரும் வெள்ளைப் பூ துவரனுக்கு. துவரனில் தேங்காய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார், அந்த மௌனம் அம்மைக்குப் பொறுக்காது. அடுத்து ஒரு பிடி துவையலுக்கு. கடைசியில் சிரட்டையைச் சுரண்டும்போது தவிட்டு நிறத்தில் வருமே, அது தீயலுக்கு. தீயலுக்குத் தேங்காயைச் சிவக்கச் சிவக்க வறுத்துத்தானே அரைக்கப் போகிறாள், அதில் நிறம் யாருக்குத் தெரியப்போகிறது! அரைத்து வழித்த பிறகு அம்மியைக் கழுவிய தண்ணீரும் சட்டிக்குள்தான் போகும். சிரட்டை ஒன்று அகப்பையாகும், மற்றது அடுப்புக்கு. கதம்பை வெயிலில் காய்ந்து விறகோடு சேரும். அதில் உரித்த நார்தான் பாத்திரம் தேய்க்க. ஒரு தேங்காய் எங்கள் வீட்டுக்குள் வந்தால் அதில் எதுவும் வெளியே போனதாக எனக்கு நினைவில்லை.

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டிலிருந்து பூதலிங்க சுவாமி கோயில் நடக்கிற தூரம். நிமிர்ந்து பார்த்தால் தாடகை மலை, ஒரு பெண் மல்லாந்து படுத்துக் கிடப்பதுபோல. அந்தப் பக்கம் பழையாறு. நாகர்கோவிலுக்கு அப்பால் எங்கள் ஊர்ப் பெயரை யாராவது அறிந்திருந்தால் அது பெரும்பாலும் ஜீவாவால்தான், ப. ஜீவானந்தம் 1907-இல் பிறந்தது இங்கேதான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் வயல் வைத்திருப்பது வேறு, வயலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது வேறு. எங்களுக்கு வயல் கிடையாது. அப்பா வடசேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். ஒண்ணாந்தேதி சம்பளம். இருபதாம் தேதிக்கு மேல் அம்மையின் பேச்சு குறைந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு கடைசி வாரம் இருப்பதுபோல வருஷத்துக்கும் ஒன்று உண்டு. அது ஆடி மாசம். மாசியில் அறுத்த கும்பப்பூ நெல் வயல்காரர்கள் வீட்டுப் பத்தாயத்திலேயே அடிமட்டத்துக்கு வந்திருக்கும். கன்னிப்பூ வயலில் பச்சையாக நிற்கும். அறுப்புக்கு ஆவணி, புரட்டாசி ஆகிவிடும். மற்ற தமிழ்நாட்டுக்கு ஐப்பசியில்தான் மழை என்றால் எங்களுக்கு ஆனி ஆடியிலும் மழை. விறகு நனைந்து அடுப்பு புகையும். அந்த மாசத்துக்கென்று அம்மை வைகாசியிலேயே தயாராகத் தொடங்கிவிடுவாள்.

புறவாசலில் ஒரு சக்கை மரம் நின்றது. சக்கை என்றால் பலா. வருக்கைச் சக்கையாக இருந்திருந்தால் அப்பா அதை விற்றிருப்பார். சுளை கெட்டியாக இருக்கும், சந்தையில் விலை போகும். எங்களுடையது கூழன். வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும் நார்ச் சுளை, வாங்க ஆள் வராது. அதனால் அது முழுக்க முழுக்க எங்களுக்கு மிஞ்சியது. பிஞ்சை இடித்து இடிச்சக்கைத் துவரன். முற்றின காயில் அவியல். பழுத்தால் பிள்ளைகள் பாடு கொண்டாட்டம். மடலும் சடையும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, அதற்குப் பதிலாக எப்போதாவது ஒரு செம்பு ஆட்டுப்பால் வரும். சுளையைத் தின்றுவிட்டு யாரும் கொட்டையை அங்கே இங்கே துப்பிவிட முடியாது. ஆச்சி ஓலைப்பெட்டியை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

“கொட்டையத் தூரப் போட்டுராத மக்களே. ஆடியில அதுதான் ஒனக்குச் சோறு.”

அந்தக் கொட்டைகளைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, காய்ந்த செம்மண்ணில் புரட்டி எடுப்பாள் ஆச்சி. ஒவ்வொரு கொட்டையும் ஒரு மண் சட்டை போட்டுக்கொள்ளும். மண் பூசினால் வண்டு அரிக்காது, உள்ளே சுருங்கி வற்றிப்போகாமலும் இருக்கும். அப்படியே அடுக்களைப் பரணில் குவித்து வைப்பார்கள். ஆடி மழையில் வெளியே போக முடியாத மத்தியானங்களில் அந்தக் குவியலிலிருந்து எண்ணி எடுத்து, வெள்ளைத் தோலை உரித்து, செந்தோலைக் கத்தியால் சுரண்டி, மாங்காயோ முருங்கைக்காயோ சேர்த்து ஒரு குழம்பு. முருங்கைக்கீரை மட்டும் இருந்தால் அதோடு துவரன். ஒன்றும் இல்லாவிட்டால் அடுப்புக் கங்குக்குள் ஆளுக்கு நாலு கொட்டை. படீர் என்று ஒன்று வெடிக்கும், மற்றவற்றைக் குச்சியால் தள்ளி எடுத்து ஊதி ஊதித் தின்போம். வெளியே மழை, உள்ளே சுட்ட கொட்டையின் மாவு வாசனை. அதைப் பஞ்சம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

பஞ்சம் என்றால் என்னவென்று ஆச்சிக்குத் தெரியும். யுத்த காலத்தில், 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனதே, அப்போது அவள் கைக்குழந்தைக்காரி. நெல் விளைகிற நாட்டிலேயே அரிசிக்கு வரிசையில் நின்றோம் என்பாள். அந்த வருஷங்களில் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனிக் கிழங்கு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைப் பரப்பினார் என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். ஐந்து வருஷம் ஆண்ட ஒருவர் செய்த காரியம் அறுபது வருஷம் கழித்து ஆச்சியின் அடுப்பில் வெந்திருக்கிறது. அவள் கிழங்கைத் திறந்த சட்டியில்தான் வேகவைப்பாள், வெந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுவாள். கஞ்சித் தண்ணீரைக்கூடக் கொட்டாத வீட்டில் தூரக் கொட்டிய ஒரே தண்ணீர் அதுதான். மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது, அது வடிநீரோடு போகும் என்று நான் கல்லூரியில் படித்து வந்து சொன்னபோது, “கசப்பு போகணும்னுதான வடிக்கியது, இதுக்கா இவ்வளவு படிச்சே” என்று கேட்டாள். கிழங்கோடு உள்ளியும் வத்தலும் உப்பும் வைத்துச் சதைத்த ஒரு சட்னி. கையில் காசு இருந்தால் நாலு சாளை மீன். சாளை அப்போது ஏழைகளின் மீன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் தட்டைக் கழுவிக் கொடுத்து அனுப்பியபோது அம்மை முகத்தில் வருத்தமும் நிம்மதியும் ஒன்றாக இருந்தன. இன்றைக்கு ஒரு தாயாக அது எனக்குப் புரிகிறது. தன் கையால் விளம்பாத சோற்றைப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களே என்று வருத்தம். மத்தியானம் இரண்டு தட்டு குறைந்ததே என்று நிம்மதி. அந்த இரண்டு தட்டுச் சோற்றை அவள் வேறெதற்கும் எடுக்கவில்லை. ராத்திரி எங்கள் தட்டில் அது கூடுதலாக வந்தது.

இனி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷமாக உள்ளே கிடக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு நாகர்கோவிலுக்குப் போனேன். சோற்றுப் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு வாழைக்காய்த் தோல் துவரன். வாழைக்காயைத் தொலி சீவி முந்தின நாள் ராத்திரி எரிசேரி வைத்தாயிற்று. சீவிய தோலைப் பொடிப்பொடியாக அரிந்து, கறை போக மோர்த் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் சிறுபயறோடு வேகவைத்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் சதைத்துப் போட்டு இறக்கியிருந்தாள். நல்ல ருசி. வீட்டில் அதற்குச் சண்டை நடக்கும். ஆனால் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “இது தோல்தானே, எங்க வீட்டுல மாட்டுக்குப் போடுவோம்” என்றாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். எனக்குக் காது சூடேறிவிட்டது. மூடியை மூடி எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடையில் கவிழ்த்துவிட்டேன். பாத்திரத்தைக் குழாயில் இரண்டு தடவை கழுவினேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. சாயங்காலம் பாத்திரத்தை வாங்கிய அம்மை அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். பயறு ஒட்டிய தடம் இல்லை, மஞ்சள் இல்லை. பசியோடு சாப்பிட்ட பிள்ளை பாத்திரத்தை அத்தனை சுத்தமாகக் கழுவிக்கொண்டு வராது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பாத்திரத்தைத் திறந்தால் சோற்றின் மேல் தேங்காய்த் துவையல், வெள்ளை வெளேரென்று, கல்யாண வீட்டில் வைக்கிற மாதிரி நிறைய. பக்கத்துப் பெண் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி குழம்பில் தேங்காய் இல்லை. வெறும் புளித் தண்ணீர்போல இருந்தது. அப்பா தட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு முறித் தேங்காயில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இருந்து, பிறகு அவள் போய்விட்டாள்.

இனிப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே போய்விட்டேன். அடுப்பேற்ற அரிசி அளக்கும்போது அம்மை அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. எந்த நாளும் தவறாது, அரிசி குறைவான நாளில் பிடி சின்னதாகும், அவ்வளவுதான். கடைசி வாரத்தில்கூட அந்தக் கலயத்தில் கைவைக்க மாட்டாள். அது ஔவையாரம்மனுக்கு. ஆடிச் செவ்வாய்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் தாழக்குடிக்கு அருகே உள்ள ஔவையாரம்மன் கோயிலுக்குப் போவார்கள். அங்கே கூழும் கொழுக்கட்டையும்தான் படையல். பொன்னோ பட்டோ கேட்காத, அரிசி மாவு கேட்கிற அம்மன். கோயிலைச் சுற்றி மரத்தடிகளில் கல் கூட்டி அடுப்பு, ஊர் ஊராக வந்த பெண்கள், ஈர விறகுப் புகை, பிள்ளைகளின் கூச்சல். வருஷத்தின் மிக நெருக்கடியான மாசத்தில், கலயத்தில் சேர்ந்த அரிசி மாவாகி, கருப்பட்டியும் தேங்காய்ப் பூவும் சேர்ந்து, வாழையிலைக் கீற்றுக்குள் மடங்கி வெந்து வரும். இலையைப் பிரித்ததும் எழும் ஆவியில் கருப்பட்டியும் வெந்த இலையும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. இலையின் நரம்புகள் மாவில் அப்படியே பதிந்திருக்கும். தின்பதற்கு முன் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்ப்பேன்.

தீபாவளிக்கு முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, பண்டத்தில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று பெயர், அந்தக் கொத்து மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் என்று ஆச்சி சொல்வாள். சிறுபயறை வாசனை வர வறுத்து, உரலில் இடித்துக் கரகரப்பாகச் சலித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் சுக்கும் ஏலமும் சேர்த்து, சர்க்கரைப் பாகில் பிசைந்து உருட்டுவார்கள். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. பாகு சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், ஆறிவிட்டால் உதிரும். அம்மையின் உள்ளங்கை சிவந்துபோகும். ஒருநாள் கழித்து அந்த உருண்டைகளை மூன்று மூன்றாக மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி எண்ணெயில் விடுவாள். மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரு கொத்தாகப் பொன்னிறத்தில் மிதக்கும். நெய் வேண்டாம், பால் வேண்டாம். ஈரம் இல்லாத பண்டம் என்பதால் தகரத்தில் அடைத்து வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கெடாது. ஒரு பக்கா பயறில் வீட்டுக்கும் ஆகும், எதிர் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் கொடுத்தும் ஆகும். முக்கும்போது சிந்திய மாவு எண்ணெயில் சின்னச் சின்ன முத்தாகப் பொரிந்திருக்கும். அதை அரித்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைப்பாள், சீனி தூவி. அதற்குப் பெயரே கிடையாது. தீபாவளி என்றால் இன்னும் எனக்கு நாக்கில் வருவது அந்தப் பெயரில்லாத பண்டம்தான்.

சென்னைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கையில் காசு இருக்கிறது, அம்மை ஒரு மாசம் குடும்பம் நடத்திய பணத்துக்கு நான் ஒரு நாள் காய்கறி வாங்குகிறேன். அவளைப் போலச் சமைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. வெகுநாள் என் கையில்தான் குறை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் நின்றபோது புரிந்தது. திருவிய தேங்காய் பாக்கெட்டில் இருக்கிறது. சிரட்டை இல்லை, கதம்பை இல்லை, தவிட்டு நிறத் துருவல் இல்லை. சக்கைச் சுளை பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. கொட்டை இல்லை, மடல் இல்லை. வாழைப்பூவைக்கூடக் கள்ளன் நீக்கி, அரிந்து, எடை போட்டு வைத்திருக்கிறார்கள். நகரம் எனக்கு எல்லாவற்றிலும் நல்ல பாதியை மட்டும் விற்கிறது. அம்மையின் சமையல் மற்றப் பாதியில் இருந்தது. முழுச் சக்கையும் முழு வாழையும் முழுத் தேங்காயும் கைக்கு வந்தால்தான் அந்தச் சிக்கனம் பிறக்கும். மோர்த் தண்ணீரில் போட எனக்கு வாழைக்காய்த் தோல் கிடைக்கிறது, அதை மருந்தில் முக்கி எடுத்திருப்பார்களோ என்ற பயமும் சேர்ந்து கிடைக்கிறது.

ஊருக்குப் போனால் கிடைக்கும் என்றுதான் இருந்தேன். போன வருஷம் தைத் தேரோட்டத்துக்குப் போனபோது புறவாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டிருந்தது. தம்பிக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், நியாயம்தான். சக்கை மரம் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது, அடியில் வேர் மக்கி மண் இறங்கியிருக்கும். இறச்சகுளம் வரும் வழியில் நான் நடவு பார்த்த வயல்களில் வாழையும், அதற்கு அப்பால் மனைக் கற்களும். தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பழையாற்றங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த ஆனியில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் பண்ருட்டிப் பலா வந்தது. வண்டிக்காரர் பழத்தைப் பிளந்து, சுளையிலிருந்து கொட்டையை எடுத்து வண்டிக்குக் கீழே சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கொட்டையோடு நிறுத்தால் ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்களாம். சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“அண்ணே, அந்தக் கொட்டையை என்ன செய்வீங்க?”

“குப்பைக்குத்தாம்மா.”

நான் கேட்டதும் அவர் ஒரு பை நிறைய அள்ளிப் போட்டார். காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கழுவிச் செய்தித்தாளில் பரப்பிவிட்டு, நாகர்கோவிலில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

“வெயில்ல போட்டுராத, நெழல்ல உணத்து,” என்றாள். “ஈரம் சுத்தமாட்டுப் போகணும். பொறவுதான் மண்ணு. செம்மண்ணு வேணும், காஞ்சதா. அங்க மண்ணுக்கு எங்க போவே?”

பால்கனியில் ஒரு துளசித் தொட்டி இருக்கிறது. பக்கத்தில் செடி பட்டுப்போன இன்னொரு தொட்டி, அதில் செம்மண். மூன்று நாள் கழித்து அந்த மண்ணைத் தாம்பாளத்தில் கொட்டி, கட்டியை உடைத்து, கையால் சலித்தேன். ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் புரட்டினேன். அம்மை எண்ணித்தான் வைப்பாள், அதனால் நானும் எண்ணினேன். நூற்றுப் பதினான்கு இருந்தன. ஆடி பிறக்க இன்னும் பதினெட்டு நாள்.